சோதனை விளைவு

படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதினால், திரும்பப் படிப்பதைவிட அது நெடுநாள் மனத்தில் தங்கும் என்னும் கற்றல் உளவியல் முடிவு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் முதன்மையானது.

மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். நான்கு முறையும் படிக்க மட்டுமே செய்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர்; ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 71 விழுக்காடுதான். ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழானது: முன்னவர்க்கு 40, பின்னவர்க்கு 61. எழுதியவர்களுக்குத் தவறுகளைத் திருத்திக்கூடக் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனாலும், நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. மதிப்பெண் போடாத சிறு தேர்வுகளை ஆசிரியர்கள் வகுப்பில் அடிக்கடி வைக்க இந்த ஆய்வே போதிய காரணம்.