முதுகுக்கு ஏறிய மூட்டை

பெங்களூரில் சைக்கிளில் ஆபீஸ் போகிற நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். லேப்டாப் வைக்க எந்தப் பை நல்லது? எத்தனை லிட்டர் வேண்டும், மழை உறை கூட வருமா, எந்தக் கம்பெனி, என்ன விலை என்று பேச்சு அரை மணி நேரம் ஓடும். எனக்கென்னவோ இதற்குப் பதில் தேட வேண்டிய இடம் கடை இல்லை, அந்தப் பையின் பூர்வீகம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் இன்று கடையில் வரிசையாகத் தொங்குகிற முதுகுப் பை எதுவும் சைக்கிள்காரனுக்காகப் பிறந்தது இல்லை. மலையேறுகிறவனுக்கும் கல்லூரி மாணவனுக்கும் தைத்ததைத்தான் நாம் மாட்டிக்கொண்டு மிதிக்கிறோம்.

முதலில் நம் அப்பா, தாத்தா காலத்துச் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வண்டி, உயரமான ஹேண்டில்பார், இரண்டு கால் ஸ்டாண்டு, பின்னால் ஸ்பிரிங் கிளிப் வைத்த கேரியர். 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் சோனிபட்டில் அட்லஸ், 1956-ல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. பல வருஷங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது ஏறக்குறைய இந்த ஒரே வார்ப்புதான். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் சைக்கிளை நம் மண் ரோட்டுக்கும் நம் சுமைக்கும் ஏற்றபடி கெட்டியாக்கிய வண்டி.

அந்த வண்டியில் ஏறாத சாமான் உண்டா? பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டினார். ரேஷன் அரிசி மூட்டை கேரியரில் வந்தது. கேஸ் சிலிண்டர் வந்தது. மனைவி கேரியரில், பெரிய பிள்ளை முன் பாரில் என்று ஒரு குடும்பமே சினிமாவுக்குப் போய் வந்தது. ஆபீஸ் குமாஸ்தா டிபன் பாக்ஸை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஃபைலைக் கேரியர் கிளிப்பில் செருகிக்கொண்டு போனார். மும்பையில் 1890-லிருந்து சாப்பாடு சுமக்கிற டப்பாவாலாக்கள், ரயிலைவிட்டு இறங்கியதும் டப்பாக்களைச் சைக்கிளின் இரு பக்கமும் கொத்துக் கொத்தாக மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். இதில் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். பாரம் முழுக்க வண்டியின் மேல். ஓட்டுகிறவர் முதுகில் சட்டை மட்டும்தான்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். லங்காஷயரில் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன நெல்சன் என்ற ஊரில் 1932-ல் தொடங்கிய கேரடைஸ் கம்பெனி, கெட்டிப் பருத்தித் துணியில் சீட்டுக்குப் பின்னால் கட்டும் பைகளைத் தைத்தது. இன்றைக்கும் அதே மாதிரிப் பைக்கு ஆள் இருக்கிறது. சைக்கிளுக்குப் பை என்றால் சைக்கிளில் கட்டுகிற பை என்பதுதான் அப்போது எல்லாருக்கும் புரிந்த அர்த்தம்.

சரி, முதுகுப் பை எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து. 1952-ல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டம் செய்து, அதில் நைலான் பையைக் கட்டி விற்க ஆரம்பித்தார். வீட்டிலேயே தையல், தைத்தது அவர் மனைவி. கெல்டி பையின் முக்கியமான விஷயம் இடுப்புப் பட்டை. தோளில் தொங்கும் பாரத்தை இடுப்பெலும்புக்கு இறக்கிவிட்டால் நாள் முழுக்க நடக்கலாம். 1967-ல் கிரெக் லோ அந்தச் சட்டத்தைப் பைக்கு உள்ளேயே மறைத்துவைத்தார். இன்றைய பெரிய மலையேற்றப் பைகள் எல்லாம் இந்த வம்சம்.

ஆனால் இந்தக் கணக்கு நிமிர்ந்து நடக்கிறவனுக்கு. சைக்கிளில் நாம் முன்னால் சாய்ந்து உட்காருகிறோம். அப்போது பாரம் இடுப்புக்கு ஒழுங்காக இறங்காது, முதுகின் மேல் படுத்துக்கொள்ளும். பட்டையைக் கட்டினால் பை ஆடாமல் இருக்கும், அவ்வளவுதான் லாபம். முதுகில் ஒட்டிக் கிடக்கிற பை காற்றையும் அடைத்துவிடும். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது சட்டையின் பின்புறம் நனைந்திருப்பது அதனால்தான்.

மலையிலிருந்து பை பள்ளிக்கூடத்துக்கு இறங்கிய கதை சியாட்டிலில் நடந்தது. 1967-ல் அங்கே தொடங்கிய ஜான்ஸ்போர்ட் கம்பெனி மலையேறுபவர்களுக்காகத்தான் பை செய்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் விளையாட்டுச் சாமான் பகுதி ஒன்று இருந்தது. அங்கே வைத்த சின்னப் பைகளை மாணவர்கள் வாங்கிப் புத்தகம் போட ஆரம்பித்தார்கள். மழை ஊர் இல்லையா, நைலான் பை புத்தகத்தை நனையாமல் காத்தது. 1970-களில் இது அமெரிக்கக் கல்லூரிகள் முழுக்கப் பரவியது. சட்டம் போனது, கனமான இடுப்புப் பட்டை போனது. மிச்சம் இருந்தது இரண்டு வார் வைத்த ஒரு கோணி. நம் ஊரில் ஜோல்னாப் பையும் வயர் கூடையும் அலுமினியப் பெட்டியும் தூக்கிய பிள்ளைகளின் முதுகில் அடுத்து வந்து உட்கார்ந்தது இதுதான்.

அதன் விலை என்ன என்று முதலில் உரக்கக் கேட்டவர் ஓர் எழுத்தாளர். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே.நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989-ல் பேசிய பேச்சில், நாட்டின் பெரிய பிரச்சினைகளை எல்லாம் விட்டுவிட்டுக் குழந்தைகளின் புத்தக மூட்டையைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, சுமையில்லாத கல்வி பற்றி 1993-ல் அறிக்கை தந்தது. 2020-ல் மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கை, பை எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. உங்கள் வீட்டில் இருக்கும் பையை ஒரு நாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

பள்ளிப் பையில் பழகிய அதே முதுகுக்கு அடுத்து லேப்டாப் வந்தது. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிப் போகலாம் என்று விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ! 1985-ல் தோஷிபா டி1100 சுமார் 4 கிலோவுக்கு இறங்கியது. 2008-ல் மேக்புக் ஏர் 1.36 கிலோ.

எடை குறைந்தும் லேப்டாப் ஏன் முதுகிலேயே இருந்தது? இதற்கு நல்ல காரணம் ஒன்று இருந்தது, ஹார்ட் டிஸ்க். உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே, தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் ஒரு தலை பறந்துகொண்டிருக்கும். அதிர்ச்சியில் தலை தட்டைத் தொட்டால் தகவல் போச்சு. அணைத்துவிட்டால் தலை ஒதுங்கிக்கொள்ளும் என்றாலும், அவசரத்தில் மூடி மட்டும் மூடிவிட்டுக் கிளம்பிய மெஷின் தூங்கியதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பயத்தால்தான் 2003-ல் ஐ.பி.எம். தன் திங்க்பேடில் அதிர்வை உணர்ந்து தலையை ஒதுக்கிவைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. அந்த நாட்களில் கேரியரில் லேப்டாப் கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் மனித உடம்பைவிட நல்ல ஷாக் அப்சார்பர் கிடையாது.

இன்னொரு பை வம்சமும் உண்டு. நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ நகரங்களில் சைக்கிளில் தபால் கொண்டுபோன கூரியர் ஆட்கள் ஒற்றை வார் பையைக் குறுக்கே மாட்டினார்கள். வண்டியைவிட்டு இறங்காமலே பையை முன்னால் சுழற்றிக் கவரை எடுக்கலாம். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1989-ல் தொடங்கிய டிம்பக்2 இதை ஊருக்கெல்லாம் ஃபேஷனாக்கியது. நாளைக்கு ஐம்பது கவர் கொடுப்பவருக்கு அது வசதி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை லேப்டாப் எடுப்பவருக்கு ஒரே தோளில் பாரம் ஏன்?

இதற்கிடையில் நம் ஊரில் கேரியர் காணாமல் போனது. கலிஃபோர்னியா மலைப் பாதையில் 1970-களில் உருவாகி, 1981-ல் ஸ்டம்ப்ஜம்பர் மூலம் கடைக்கு வந்த மவுண்டன் பைக்கில் கேரியர் கிடையாது, மட்கார்டும் கிடையாது. மலைச்சரிவில் குதித்து இறங்க இரண்டும் தொந்தரவு. 1990-களில் தடித்த டயர் சைக்கிள் நம் கடைகளுக்கும் வந்தது. 2005-ல் தொடங்கிய ஃபயர்ஃபாக்ஸ் மாதிரிக் கம்பெனிகள் கியர் சைக்கிளை ஐ.டி. மக்களிடம் கொண்டுவந்தன. பெங்களூரின் அவுட்டர் ரிங் ரோட்டில் மலை எங்கே இருக்கிறது? ஆனாலும் மலை வண்டியை வாங்கினோம், அதில் இல்லாத கேரியரின் வேலையை முதுகுக்குக் கொடுத்தோம்.

இதில் அந்தஸ்தும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கேரியர் வைத்த சைக்கிள் என்றால் பால்காரர், வாட்ச்மேன் என்ற எண்ணம் நம் மனசில் படிந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலக வளாகத்தில் கேரியர் சைக்கிளோடு போனால் காவலாளி சாமான் இறக்கும் பின்வாசலைக் கை காட்டுவார். கியர் சைக்கிளுக்கு முன்வாசல் திறக்கும். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. இன்று உணவு டெலிவரிக்குச் சைக்கிளில் போகும் பையன்களும் பெரிய சதுரப் பையை முதுகில் சுமந்து மிதிக்கிறார்கள். அவர்களுடைய தாத்தா பால் கேனைக்கூட முதுகில் ஏற்றவில்லை.

மழைக்கு வருவோம். பெங்களூரில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை சாயங்கால மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பை எந்தத் துணியானாலும் தையல் ஊசி போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். ஜெர்மனியில் ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற இளைஞருக்கு மழையில் சைக்கிள் பயணம் போனபோது, லாரி மேல் போர்த்திய தார்ப்பாயைப் பார்த்து யோசனை வந்தது. தார்ப்பாயில் பை தைத்து 1982-ல் கம்பெனி தொடங்கினார். பிறகு தையலையே விட்டுவிட்டு ஓரங்களை உருக்கி ஒட்டினார்கள். வாயைச் சுருட்டி மடித்துக் கிளிப் போடுவார்கள், ஜிப் கிடையாது. பொதிமாட்டின் இரு பக்கமும் தொங்கும் மூட்டை போலக் கேரியரின் பக்கத்தில் மாட்டும் இந்தப் பைக்குப் பானியர் என்று பெயர். இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன, இந்தியாவிலும் கிடைக்கிறது.

இனி என் முடிவு. இன்றைய லேப்டாப்பில் சுழலும் தட்டு இல்லை, எஸ்.எஸ்.டி.தான். அதனால் முதுகில் சுமக்க இருந்த பெரிய காரணம் போய்விட்டது. நல்ல உறையில் போட்டு, பானியரின் அடித்தட்டில் இடிக்காதபடி கீழே ஒரு துண்டோ உடுப்போ வைத்தால் போதும். என் பையின் கணக்கு இது: லேப்டாப் ஒன்றரை கிலோ, சார்ஜர் அரைக் கிலோ, சாப்பாடும் தண்ணீரும் ஒன்றரை, பூட்டு ஒரு கிலோ, மாற்று உடுப்பு அரைக் கிலோ, பை ஒரு கிலோ. மொத்தம் 6 கிலோ. முதுகில் இது பாரம். 25 கிலோ தாங்கும் சாதாரணக் கேரியருக்கு இது ஒன்றுமே இல்லை.

ஆக, வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளின் பின்சக்கர அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியர் திருக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் செலவு கேரியருக்கு, இரண்டாவது பானியருக்கு. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் அதற்கு ஏற்ற கேரியரா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு மிதித்துப் பார்த்து, குதிகால் பையில் இடித்தால் பையைப் பின்னால் தள்ளி மாட்டவேண்டும். தோளில் போட வார் இருக்கிற பையாக எடுத்தால் ஆபீசுக்குள் கழற்றிக்கொண்டு போக வசதி.

ஓட்டை இல்லை, தூரமும் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் முதுகுப் பை போதும். அப்போது பையின் பூர்வீகத்தைப் பார்த்து வாங்குங்கள். 20 லிட்டருக்கு மேல் வேண்டாம், இடம் இருந்தால் சாமான் தானாகச் சேரும். முதுகைத் தொடாமல் வலை இழுத்துக் கட்டிய பை காற்று விடும். மார்புப் பட்டை அவசியம், பை ஆடாது. பையின் உச்சி கழுத்துக்குக் கீழே நிற்கட்டும், இல்லையென்றால் நிமிர்ந்து ரோட்டைப் பார்க்கும்போது ஹெல்மெட் இடிக்கும். லேப்டாப் அறை அடியைத் தொடாமல் சற்று உயரத்தில் தைத்திருக்க வேண்டும், கீழே வைக்கும்போது முதல் இடி அங்கேதான். தொங்கும் வார்களைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பளிச்சென்ற மழை உறை இருந்தால் இரவில் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கும் உதவி.

அப்படியே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால், அவர்கள் வண்டிக்கும் ஒரு கேரியர் மாட்டிவிடுங்கள். சைக்கிள் கடையில் ஒரு மணி நேர வேலை. பையை அதில் வைத்து ரப்பர் கயிறு போட்டுக் கட்டக் கற்றுக்கொடுங்கள். கேரியர் வேண்டாம், நல்லாயில்லை என்று சிணுங்கினால் தாத்தா சினிமாவுக்குப் போன கதையைச் சொல்லிப் பாருங்கள் :-)