திருமுழுக்கும் கைவிலங்கும்

1606 டிசம்பரில் இலண்டனிலிருந்து மூன்று கலங்கள் கிளம்பின. அரசன் அனுப்பிய படையன்று அது. பணம் படைத்தோர் பங்கு சேர்த்து அமைத்த வர்ஜீனியா கம்பெனியின் ஆட்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னன் அக்கம்பெனிக்கு வழங்கிய சாசனத்திலே, இருளில் உழலும் மக்களிடையே கிறித்தவத்தைப் பரப்புதல் என்னும் புனித நோக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. கிடைக்கும் பொன்னிலும் வெள்ளியிலும் ஐந்திலொரு பங்கு மன்னனுக்கு என்பதும் அதே சாசனத்தில்தான்! எது நோக்கம், எது போர்வை என்று நாம் விளக்க வேண்டுமா?

1607 மே திங்களில் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தில் நூற்றுச் சொச்சம் பேர் கோட்டை கட்டினர். ஊருக்கு ஜேம்ஸ்டவுன் என்று பெயர். ஆளற்ற நிலமா அது? பவ்ஹாட்டன் என்ற தலைவனின் கீழ் பல குலங்கள் மக்காச்சோளம் விளைத்து வாழ்ந்த நாடு! வந்தவரிற் பலர் ஏர் பிடித்தறியாக் கனவான்கள். மண்ணைக் கிளறினர், விதைக்கவல்ல, பொன் தேட. மின்னிய மண்ணைக் கப்பலேற்றி அனுப்பினர். மண் மண்ணாகவே இருந்தது. 1609-10 குளிர்காலத்தில் பசி வந்தது. குதிரையைத் தின்றனர், நாயைத் தின்றனர், எலியைத் தின்றனர், ஈற்றில் பிணத்தையும் தின்றனர். வீண் பழி என்று இதை மறுத்தோர் உண்டு. 2012இல் அங்கே அகழ்ந்தெடுத்த பதினான்கு வயதுச் சிறுமியின் மண்டையோட்டில் கத்தித் தடங்கள் காணப்பட்டன. உயிர் தப்பியோர் ஏறத்தாழ 60 பேர்.

குடியேற்றத்தைக் காத்தது கர்த்தரல்லர், புகையிலை. ஜான் ரால்ப் என்பவர் 1612 வாக்கில் பயிரிட்ட அந்த இலை, பொன் தராத செல்வத்தைத் தந்தது. அதற்கு நிலம் வேண்டும். உழைக்கக் கைகள் வேண்டும்.

1619 ஜூலை 30ஆம் நாள், ஜேம்ஸ்டவுன் தேவாலயத்திலே, செபத்துடன் முதல் சட்டமன்றம் கூடிற்று. மக்களாட்சியின் தொட்டில் என்று போற்றுகின்றனர், போற்றட்டும். ஆகஸ்ட் இறுதியில், அதே குடியேற்றத்தின் துறையிலே, அங்கோலாவில் பிடிபட்டு, நடுக்கடலில் மீண்டும் கொள்ளையிடப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் உணவுப் பொருளுக்கு விற்கப்பட்டனர். இடைவெளி ஒரே திங்கள்!

எலிசபெத் கீ என்ற அடிமைப் பெண், தன் தந்தை ஆங்கிலேயர், தான் திருமுழுக்குப் பெற்றவள் என்று வழக்காடி, 1656இல் விடுதலை பெற்றாள். பதறிற்று பண்ணையார் கூட்டம். 1662இல் சட்டமன்றம் விதித்தது: தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை. பிறப்பால் இழிவு என்பது எந்தக் கண்டத்திலும் தானாக முளைப்பதில்லை, தோழர்களே; எழுதுகோல் பிடித்தவர் எழுதி வைப்பது! 1667இல் மற்றொரு சட்டம்: திருமுழுக்குப் பெற்றாலும் அடிமை அடிமையே. காரணத்தையும் அச்சட்டமே கூறிற்று: ஐயம் நீங்கிய எசமானர்கள், இனிக் கிறித்தவத்தை ஊக்கமுடன் பரப்புவார்களாம்.