ஒன்றின் ஹெட், இன்னொன்றின் புளொக்: தடைக்காலக் கார்களின் எஞ்சின் கணக்கு

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டினால் புத்தூர். 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு இந்த வீதியில் கார் என்று ஓடியவை பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் பிரித்தானியாவில் செய்யப்பட்டவை: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ். பெற்றோல், டீசல், பற்றறி, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடைக்குள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, சனம் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்த காலம் அது. பிள்ளைப்பேற்றுக்கோ செல் காயத்துக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஓடி முடிக்க ஒரு பழைய எஞ்சின் உயிரோடு இருக்க வேண்டும்.

ஹெட் வெடித்த ஒரு காரும், புளொக் தேய்ந்த இன்னொரு காரும் கராஜில் நின்றால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக ஓடவைப்பது அப்போது ஆசைக்குச் செய்த வேலை அல்ல. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் எதையும் எதோடும் பூட்டிவிட முடியாது. எது பொருந்தும், எது பொருந்தாது, பொருந்தினாலும் எது கெடுக்கும் என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு.

முதலில் பெயர் மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். "ஏ40" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு எஞ்சின்கள் வந்தன. எங்கள் ஊரில் பெயர்பெற்ற சோமசெற் ஏ40இல் இருப்பது ஒஸ்ரினின் பழைய 1200 சிசி எஞ்சின். 1954இல் வந்த ஏ40 கேம்பிறிட்ஜில் இருப்பதும் 1200 சிசிதான், ஆனால் அது பிஎம்சி நிறுவனத்தின் "பி" குடும்பம். 1958இல் வந்த பெட்டி வடிவ ஏ40இல் இருப்பது "ஏ" குடும்பத்து 948 சிசி எஞ்சின். காரின் பெயரைப் பார்த்து ஹெட் தேடினால் அலைச்சல்தான் மிச்சம். றொக்கர் மூடியைக் கழற்றி, ஹெட்டின் வார்ப்பில் உள்ள இலக்கத்தைப் பார்ப்பதே சரியான வழி.

மொறிஸ் மைனர் ஓடியதற்குக் காரணம் இந்த "ஏ" குடும்பம். 1952 முதல் மைனருக்கு 803 சிசி, 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி. துளை முறையே ஏறத்தாழ 58, 63, 64.6 மில்லிமீற்றர். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்ரட்டுகளின் அமைப்பும் தள்ளுகோல் துளைகளும் பொதுவாக ஒத்துப்போவதால் 948இன் ஹெட் 1098இன் புளொக்கில் உட்காரும், அதுவும் இதில் உட்காரும். 1952க்கு முந்திய மைனர் இதில் சேராது. அதன் 918 சிசி எஞ்சினில் வால்வுகள் புளொக்கிலேயே இருந்தன.

உட்கார்ந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் அமுக்க விகிதம் வருகிறது. 948இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 237 சிசி. விகிதம் 8.3 என்றால் பிஸ்ரன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 32.5 சிசி. அதே ஹெட்டை, சிலிண்டருக்கு 274 சிசி கொண்ட 1098இல் பூட்டினால் விகிதம் 9.4 ஆக ஏறிவிடும். மறுபுறம், 8.5 விகிதம் கொண்ட 1098இன் ஹெட்டை 948இல் வைத்தால் 7.5க்கு இறங்கும். பிஸ்ரனின் தலையும் காஸ்கற் தடிப்பும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

நல்ல பெற்றோல் கிடைக்கும் ஊரில் 9.4 என்பது கூடுதல் வலு. மண்ணெண்ணெயில் ஓடும் ஊரில் அது பிஸ்ரனுக்கு யமன். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முன்னரே வெடித்துத் தட்டும். அதனால்தான் பேர்குசன் உழவு இயந்திரத்தின் மண்ணெண்ணெய் வகையில் விகிதத்தை 5ஐ ஒட்டியே வைத்தார்கள். மைனரிலும் 7.2 விகிதக் குறைந்த அமுக்க வகை இருந்தது. வெளிநாடுகளில் பந்தயக்காரர்கள் ஹெட் மாற்றியது விகிதத்தை ஏற்ற. இங்கே தேவைப்பட்டது அதற்கு நேர் எதிர்.

விகிதத்தை இறக்க இன்னொரு வழி காஸ்கற்றைத் தடிப்பாக்குவது. 948இல் ஒரு மில்லிமீற்றர் கூடினால் மிஞ்சும் இடம் 3.1 சிசி கூடி, 8.3 ஏறத்தாழ 7.7 ஆகும். மலிவான வழிதான். ஆனால் இரண்டு காஸ்கற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இடையால் தண்ணீர் கசியும், சூடு ஏறும், ஹெட் வளையும். பெரிய துளைக்கு ஏற்ற ஹெட்டைச் சிறிய புளொக்கில் வைப்பதே நின்றுபிடிக்கும் வேலை என்பேன்.

அதற்கும் எல்லை உண்டு. குடும்பத்தில் பெரியதான 1275இன் துளை 70.6 மில்லிமீற்றர். அதன் ஹெட்டை 1098இல் அப்படியே பூட்டினால் வெளியேற்று வால்வு திறக்கும்போது புளொக்கின் விளிம்பில் முட்டும். கடைச்சல் பட்டறையில் புளொக்கின் மேல்முகத்தில் வால்வுக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். மின்சாரமே இல்லாத ஊரில் அது எளிய வேலையா? காஸ்கற்றும் எப்போதும் பெரிய துளைக்குரியதாக இருக்க வேண்டும். சிறியதை வைத்தால் அதன் ஓரம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்று எரியும். ஹெட்டின் தண்ணீர்த் துளைகளும் றொக்கருக்கு ஒயில் ஏறும் துளையும் புளொக்கோடு நேர் நிற்கின்றனவா என்று காஸ்கற்றை இரு முகங்களிலும் வைத்துப் பார்க்காமல் பூட்டக்கூடாது.

கேம்பிறிட்ஜ் காரர் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். ஏ55இன் 1489 சிசியும் பின்னர் வந்த ஏ60இன் 1622 சிசியும் ஒரே "பி" குடும்பம், பிஸ்ரன் ஓட்டமும் ஒன்றே, 88.9 மில்லிமீற்றர். இந்தியாவின் அம்பாசிடரில் நீண்டகாலம் ஓடியதும் இதே 1489தான். அம்பாசிடரில் 1990களில் வந்த இசுசு எஞ்சின் முற்றிலும் வேறு, அதிலிருந்து எதுவும் இதற்கு உதவாது.

இந்தக் கார்கள் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. "ஏ" குடும்பத்தில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒட்டியபடி இருக்கின்றன. புகைக்குழாயின் சூடு, இலகுவில் ஆவியாகாத மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவும். பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை புத்தூர் கமக்காரருக்குப் புதிதல்ல. செம்பாட்டு மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த பம்புகள் அப்படித்தான் ஓடின. கார் திருத்தியவர்களுக்கு இந்தக் கைப்பழக்கம் தோட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றாதவர்களின் பெயாரிங் தேய்ந்துபோனது இதனால்தான். மாற்ற ஒயிலும் தட்டுப்பாடு.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏற்றப்பட்டபோது, மலிவுக்காக அதைக் கார்களுக்கு விடும் கதை முடிந்தது. ஹெட் மாற்றும் கதை முடியவில்லை. வீட்டில் நிற்கும் மைனரை மீண்டும் எழுப்ப நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் இலக்கத் தகடு புளொக்கில்தான் அறையப்பட்டிருக்கும், பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் அந்த இலக்கமே. ஹெட் மாறினால் புத்தகத்தில் எதுவும் மாறாது. புளொக் மாறியிருந்தால், தடைக்காலத்தில் யாரோ மாற்றிப் பூட்டியதாக இருந்தாலும், விற்கவோ வாங்கவோ முன்னர் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.