பாக்ஸ்-என் வேகன் (மாதிரி ரயில்)

பாக்ஸ்-என் என்பது இந்திய ரயில்வேயில் நிலக்கரி, இரும்புத்தாது முதலியவற்றை ஏற்றும் உயர்சுவர்த் திறந்த சரக்கு வேகன். எட்டுச் சக்கரங்களும் காற்று பிரேக்கும் கொண்டது. 1980களில் பரவி, வெற்றிட பிரேக்கில் ஓடிய பழைய பாக்ஸ் வேகன்களின் இடத்தைப் பிடித்தது. நீளம் 10.713 மீட்டர். அனல்மின் நிலையங்களில் வேகனையே கவிழ்த்துக் கரியைக் கொட்டுவர்.

1:87 விகித ஹெச்ஓ மாதிரியில் நீளம் சுமார் 123 மி.மீ. சிக்கல் பாதை அகலத்தில்தான்: ஹெச்ஓவின் 16.5 மி.மீ. பாதை, 1435 மி.மீ. அகலத்துக்கு உரியது. இந்திய அகலப்பாதையான 1676 மி.மீ.க்கு 19.3 மி.மீ. வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையில் மாதிரியை ஓட்டினால், பக்கவாட்டில் தெரியாத குறை முன்புறத்தில் தெரிந்துவிடும்.