மிகுபுனைவும் விளைவுகளின் கணக்கும்

மிகுபுனைவு எழுத வருவோர்க்குக் கற்பனையையும் நடப்பையும் சரிவிகிதத்தில் கலக்கச் சொல்வது வழக்கம். சிறந்த படைப்புகளில் அப்படியொரு கலவை எனக்குத் தென்படவில்லை. நடக்கவே முடியாத ஒன்று அவற்றில் நடக்கிறது. அதன் பிறகு ஆசிரியர் வேறு சலுகை கேட்பதில்லை. விளைவுகளை நேர்மையாகத் தொடர்ந்து செல்கிறார்.

பெங்களூர்வாசியாக வாழ்ந்து 2019-இல் அங்கேயே மறைந்த கிரீஷ் கார்னாட், 1971-இல் கன்னடத்தில் தந்த 'ஹயவதனா' நாடகம் இதற்குத் தலையாய சான்று. கதாசரித்சாகரத்தின் வேதாளக் கதையில் இருவர் தலைகள் மாறிப் பொருந்திவிடுகின்றன. ஒருவனின் மனைவிக்கு இனி யார் கணவன் என்ற வழக்குக்குத் தலையே முதன்மை என்று தீர்ப்புச் சொன்னதும் கதை முடிந்துவிடும். தாமஸ் மன் 1940-இல் எழுதிய குறுநாவலின் வழியே இக்கதைக்கு வந்த கார்னாட், அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உடல் என்ன செய்யும் என்று கேட்கிறார். கபிலனின் உரமேறிய உடலைப் பெற்ற தேவதத்தன் ஏட்டறிவாளன். உழைக்காத அந்த உடல் மெல்லத் தளர்கிறது. காட்டுக்குப் போன கபிலனுக்கு வாய்த்த மென்னுடலோ இறுகி வலுப்பெறுகிறது. தன் தலை அறியாத தொடுகையின் நினைவுகள் அந்த உடலுக்கு இருப்பதும் அவனை வதைக்கிறது. தலைகளைப் பொருத்திய காளியின் வரம் ஒரு நொடி வேலை. அதைத் தொடரும் தசையின் மாற்றமும் தேவதத்தனின் மனைவி பத்மினியின் ஏமாற்றமும்தான் நாடகம்.

ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதாவும் இவ்வழியில் வருபவரே. 'என் இனிய இயந்திரா' நாவலில் பேசும் இயந்திர நாய் ஜீனோவை நம்பவைப்பது அதன் உலோக உடலன்று, அதைச் சூழ்ந்த அரசாங்கம். பிள்ளை பெறவே அனுமதி வேண்டும். பெயருக்கும் எழுத்துக் கட்டுப்பாடு உண்டு. மனுப் போட்டுக் காத்திருந்து பழகிய வாசகருக்கு அந்த எதிர்காலம் அயலாகத் தெரிவதில்லை. ஆனால் ஜீனோவின் திறன் கதையின் தேவைக்கேற்ப வளரும் இடங்களில் பிடி தளர்கிறது என்பதே என் கருத்து. விலை கொடுக்காமல் கிடைக்கும் ஆற்றல் வாசகரின் கவலையைப் போக்கிவிடுகிறது.

அம்புலிமாமா கதைகளில் நடப்பு எங்கே இருந்தது, அவற்றை நாம் விரும்பவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவற்றில் வரும் விக்கிரமாதித்தனின் நிலையைப் பாருங்கள்: விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும், பேசினால் வேதாளம் முருங்கை மரம் ஏறும். இவ்வளவு கறாரான விதி எந்த நடப்பியல் நாவலிலும் இல்லை. அன்றாட விவரம் வியப்பைக் குறைத்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. புதுமைப்பித்தன் 1943-லேயே அதற்கு விடை தந்துவிட்டார். அவருடைய சிறுகதையில் கடவுள் சென்னைக்கு வந்து காபி குடிக்கிறார், கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார். அந்தக் கதையில் கடவுளின் வியப்பு குறைந்ததா? சந்தா கட்டியதால்தான் அவர் நம் தெருவுக்கு வந்தார்.

இன்றைய தமிழ் மிகுபுனைவில் மந்திர வாள்களுக்கும் மாய நாடுகளுக்கும் குறைவில்லை. அந்த நாட்டில் நெல் யார் விளைவிக்கிறார், வாளெடுத்தவன் எதை இழக்கிறான் என்ற கேள்விகள்தாம் குறைவு. எழுத வரும் இளைஞர்கள் 'ஹயவதனா'வை ஒருமுறை, விளைவுகளை மட்டும் குறித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.