மலேசியாவின் புதிய பொருளாதாரக் கொள்கை: இனச் சராசரியும் வறியோர் நிலையும்

1969 மே 13ஆந் திகதி கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரம் மலேசியாவின் அரசியலில் மட்டுமன்றிப் பொருளாதார வரலாற்றிலும் பெருந் திருப்பமாக அமைந்தது. அதன் விளைவாக 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இனபேதமின்றி வறுமையை ஒழித்தல், இன்ன இனத்தார்க்கு இன்ன தொழில் என்னும் நிலை மாறுமாறு சமூகத்தைச் சீரமைத்தல் என்பன அதன் இரு நோக்கங்களாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் மலாயர் பெரும்பாலும் நெற்செய்கையிலும் மீன்பிடியிலும், சீனர் ஈயச் சுரங்கங்களிலும் வணிகத்திலும், தமிழரைப் பெரும்பான்மையினராகக் கொண்ட இந்தியர் இறப்பர்த் தோட்டங்களிலும் ஈடுபட்டிருந்தனர். 1970இல் கம்பனிகளின் பங்குமூலதனத்தில் மலாயருக்கு 2.4 சதவீதமே உரியதாயிருக்க, அந்நியர் 63.3 சதவீதத்தைக் கொண்டிருந்தனர். பூமிபுத்திரரின் பங்கை 1990இல் 30 சதவீதமாக்குவது இலக்கெனக் கொள்ளப்பட்டது. பல்கலைக்கழக அனுமதி, அரசாங்க உத்தியோகம், வணிக அனுமதிப்பத்திரம் ஆகியவற்றில் அவர்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது.

இக்கொள்கையின் பயன்களை மறுத்தற்கில்லை. தீபகற்ப மலேசியாவில் 1970இல் 49.3 சதவீதமாயிருந்த வறுமை 1990இல் ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறைந்தது. பூமிபுத்திரரின் பங்குடைமை ஏறத்தாழ 19 சதவீதமாக உயர்ந்தது. எனினும், இவ்வுயர்வு சீனரின் வீழ்ச்சியால் விளைந்ததன்று. அவர்களது பங்கும் இக்காலத்தில் உயரவே செய்தது. குறைந்தது அந்நியரின் பங்கேயாகும். பெற்றோலியம், எண்ணெய்ப்பனை, மின்னணுக் கைத்தொழில் ஆகியவற்றால் ஏற்பட்ட வளர்ச்சியே இதற்கு இடமளித்தது. 1985இல் பொருளாதாரம் சுருங்கியபோது, அடுத்த ஆண்டிலேயே அந்நிய முதலீட்டாளருக்கான பங்குடைமை விதிகள் தளர்த்தப்பட்டமை இவ்வுண்மையை வலியுறுத்தும்.

ஆயினும், இனத்தையே அளவுகோலாகக் கொண்டமையால் ஒரு குறை நேர்ந்தது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் மலாயரிடையே 172 ரிங்கிட்டாகவும் இந்தியரிடையே 304 ரிங்கிட்டாகவும் இருந்தது. வைத்தியரும் வழக்கறிஞரும் வணிகரும் தோட்டத் தொழிலாளருடன் சேர்த்துக் கணிக்கப்பட்டமையின், நாட்கூலியில் வாழ்ந்தோரின் வறுமை அச்சராசரியுள் மறைந்தது. 1981இல் அரச முதலீட்டு நிறுவனமொன்று இலண்டன் பங்குச் சந்தையில் குத்ரி கம்பனியைக் கைப்பற்றியது. தோட்டங்களின் உடைமை பிரித்தானியரிடமிருந்து மலேசியருக்கு மாறிற்று. அங்கு பால்வெட்டியோரின் நிலை அதனால் மாறவில்லை. பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் கைத்தொழிலுக்குமென மாற்றப்பட்டபோது, தொழிலையும் தோட்டக் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தோர் பலராவர். பங்குமூலதனத்தில் இந்தியரின் பங்கோ 1970இலும் 1990இலும் ஏறத்தாழ ஒரு சதவீதமாகவே இருந்தது.

மலாயரிடையேயும் பங்குச் செல்வம் சமமாகப் பரவவில்லை. அரசியற் செல்வாக்குடையோரே அனுமதிப்பத்திரங்களாலும் ஒப்பந்தங்களாலும் பெரும்பயன் எய்தினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். இக்கொள்கையின் முதல் நோக்கம் வறியோர் அனைவரையும் கருதியது. இரண்டாவது நோக்கம் இனங்களின் பங்கைக் கருதியது. முன்னதைப் பின்னது மேவியவிடத்தே, எந்த இனத்தைச் சார்ந்தவராயினும், வறியோர் பின்தள்ளப்பட்டனர். மலேசிய அனுபவம் பிற பல்லின நாடுகளுக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.