முகம் ஒருவருடையது, குரல் ஒருவருடையது: தமிழ்த் திரையில் பின்னணிப் பாடல் வேரூன்றிய வரலாறு

தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் வருகையைக் கருவிகளின் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. ஒலிப்பதிவு மேம்பட்டது, இரவல் குரல் வந்தது என்று முடித்துவிடலாம். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அந்த முறை 1938இலேயே தமிழுக்கு வந்துவிட்டது. அது பொது வழக்கமாவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. இந்தத் தாமதத்துக்குக் காரணம் நாடக மேடை பழக்கிவைத்த காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1931 அக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ தொடங்கித் தொடக்ககாலப் பேசும்படங்கள் நாடகக் கம்பெனிகளின் கதைகளையும் நடிகர்களையும் அப்படியே எடுத்துக்கொண்டன. படப்பிடிப்பிலேயே நடிகர் பாடினார். ஆர்மோனியமும் மிருதங்கமும் காட்சிக்கு வெளியே உட்கார்ந்து வாசித்தன. மைக்கை விட்டு அதிகம் நகர முடியாததால் பாட்டுக் காட்சிகள் நின்றது நின்றபடி இருந்தன. அதைக் குறையாகச் சொன்னவர்கள் அதிகம் இல்லை. மக்கள் வந்ததே பாட்டுக் கேட்கத்தான். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடத்தில் ஒரு பெண், நடிகராக ஒரு வித்வான். முகப்பொருத்தம் இரண்டாம்பட்சம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதே 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் முன்கூட்டியே பாட்டைப் பதிந்து படமெடுக்கத் தொடங்கியது. ஏவி. மெய்யப்பன் 1938இல் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் குரல் கொடுத்தார். சிறுவன் டி. ஆர். மகாலிங்கம் அறிமுகமானதும் அதில்தான். அவர் தாமே பாடினார். இரவல் குரல் இங்கே குறையை மறைக்கும் ஒட்டு. முறையாக இன்னும் ஆகவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ எம். கே. தியாகராஜ பாகவதரின் சொந்தக் குரலை நம்பியே சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

1945இல் வந்த ‘ஸ்ரீ வள்ளி’ கவனிக்கத்தக்கது. கதாநாயகி ருக்மிணியின் பாட்டில் மெய்யப்பனுக்குத் திருப்தியில்லை. அவருடைய வாயசைவுக்கு ஏற்பப் பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். குரல் போதாவிட்டாலும் முகம் நிலைக்கலாம் என்பது முதன்முறையாக வணிகக் கணக்கில் ஏறியது. கதாநாயகன் மகாலிங்கத்துக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

ஆண் குரலில் மாற்றத்தை விரைவுபடுத்தியவை ஸ்டுடியோவுக்கு வெளியே நடந்தன. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்ற பாகவதர் 1947இல் வெளிவந்தபோது அவருடைய பழைய செல்வாக்கு திரும்பவில்லை. பாடி நடித்த மற்றொரு நாயகர் பி. யு. சின்னப்பா 1951இல் மறைந்தார். மறு ஆண்டு வந்த ‘பராசக்தி’ நாயகனின் வலிமையை வசனத்துக்கு மாற்றியது. சிவாஜி கணேசனுக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். பேசத் தெரிந்தால் போதும், பாட வேறொருவர் உண்டு என்ற ஏற்பாடு இனி ஆண் நடிகருக்கும் இழுக்காக இல்லை.

பாகவதரின் பாணியைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன் 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும் ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். ஒரே தொண்டை இரண்டு நட்சத்திரங்களுக்கும் பொருந்தியது. நடிகரின் பேச்சுத் தொனியைத் தழுவிப் பாடுவதே அவருடைய தொழில்திறன் ஆயிற்று. மேடைப் பாடகரிடம் யாரும் எதிர்பார்க்காத திறன் அது.

பழைய முறை உடனே அற்றுப்போகவில்லை. கே. வி. மகாதேவன் இசையமைத்த ‘திருவிளையாடல்’ (1965) இரண்டையும் ஒரே கதைக்குள் வைத்திருக்கிறது. செருக்குள்ள பாகவதராக வரும் டி. எஸ். பாலையா பாலமுரளி கிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கிறார். சிவனாக வரும் சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரல். ஔவையாராகச் சுந்தராம்பாளும் பாணபத்திரராக மகாலிங்கமும் மட்டும் தாமே பாடுகிறார்கள்.